56 மணிகள், 56 குரல்கள்

ஸ்காட்லாந்தில் டன்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது மேண்டர்ஸ்டன் மாளிகை. ரஷ்யாவோடு கயிற்று நாரும் ஹெர்ரிங் மீனும் வியாபாரம் செய்து அப்பா சேர்த்த சொத்து ஜேம்ஸ் மில்லர் கைக்கு வந்தது. 1893-ல் அவர் மணந்தது ஈவ்லின் கர்சனை. பின்னாளில் நமக்கு வைஸ்ராயாக வந்தாரே, அதே கர்சனின் தங்கை. மாமனாரின் கெடில்ஸ்டன் மாளிகைக்குச் சளைக்காத வீடாக வேண்டும் என்று, இருந்த பழைய வீட்டை ஜான் கின்ராஸ் என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தார். செலவு ஒரு பொருட்டே இல்லை என்றாராம். 1905-ல் வேலை முடிந்தது. அடுத்த ஜனவரியிலேயே மில்லர் போய்விட்டார், வயது 41.

பார்க்கப் போகிறவர்கள் வெள்ளிக் கைப்பிடி போட்ட படிக்கட்டின் முன்னால் வாய்பிளந்து நிற்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அடித்தளத்தில், வேலைக்காரர்களின் நடையில் வரிசையாகத் தொங்கும் 56 மணிகள்.

இந்த வகை மணியின் சூட்சுமம் எளிது. வேலைக்காரரைக் கூப்பிட மேலே அறையில் பிடியை இழுத்தால் சுவருக்குள் ஓடும் கம்பி இழுபட்டுக் கீழே மணி அடிக்கும். கம்பி நேராகத்தான் இழுக்கும், மூலையில் திரும்பாது. அதனால் திருப்பத்துக்குத் திருப்பம் முழங்கை போல மடங்கிய சிறு நெம்புகோல் ஒன்று. ஒவ்வொரு முழங்கையும் உராய்வில் கொஞ்சம் விசையைத் தின்னும். நீளமான கம்பி விறைப்புக் குறைந்து தொய்ந்தால் இழுப்பு பாதி வழியிலேயே கரைந்துபோகும். கம்பியால் இழுக்க முடியுமே தவிரத் தள்ள முடியாது. கைவிட்டதும் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது ஒரு ஸ்பிரிங்.

கூப்பிட்டது எந்த அறை? அதற்குத்தான் ஒவ்வொரு மணிக்கும் ஒரு குரல். ஒரே வடிவ மணியில் எல்லா அளவையும் இரண்டு மடங்காக்கினால் அதிர்வெண் பாதியாகும், குரல் தடிக்கும். பழகிய காது திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடும்.

காது ஏமாந்தாலும் கண் இருக்கிறது. மணி தொங்குவது சுருட்டிய எஃகுப் பட்டையில். வேகமாகக் குலுங்கும்போதுதான் நாக்கு விளிம்பில் மோதும். ஓசை சீக்கிரம் அடங்கிவிடும். சுருளோ அடங்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருகிறவள் தலையை உயர்த்திப் பார்த்தால் போதும், வரிசையில் ஒரு மணி மட்டும் சத்தமில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும்.