சங்கோஜம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பந்திகளில் "சங்கோஜப்படாம சாப்பிடுங்க" என்ற உபசாரம் இன்றும் காதில் விழும். வடமொழிச் 'சங்கோச'த்தின் திரிபு இது. நேர்ப்பொருள் சுருங்குதல், ஒடுங்குதல். வரப்போரத் தொட்டாற்சுருங்கியின் இலை மடங்குவதும் அந்த ஒடுக்கமே. அதன் தாவரவியல் பெயரான மிமோசா புடிகாவிலும், 'புடிகா' என்ற லத்தீன் சொல்லுக்கு நாணமுள்ளது என்றே பொருள்.

குழந்தையின் சங்கோஜத்தைச் சொல்ல நல்ல தமிழ்ச் சொல் கூச்சம். பேசு–பேச்சு, வீசு–வீச்சு போல, கூசு என்ற வினையிலிருந்து பிறந்தது. வெயிலில் கண் கூசும், புளி தின்றால் பல் கூசும், விலாவில் விரல் பட்டால் உடம்பு கூசும். தாங்கும் அளவுக்கு மேல் வந்து படுவதிலிருந்து உடல் பின்வாங்குகிறது. புது முகம் ஒன்று குனிந்து "பேர் என்ன?" என்னும்போது குழந்தைக்கு நேர்வதும் இதுதான். நாணம் இங்கே பொருந்தாது. 'கருமத்தால் நாணுதல்' என்று தகாத செயலுக்கு உள்ளம் குன்றுவதையே குறள் 1011 நாணமாகக் கொள்கிறது. மூன்று வயதுப் பிள்ளை என்ன தவறு செய்தது?

இரண்டு மூன்று மாதக் குழந்தையே சிரித்தபடி முகத்தைத் திருப்பிக் கையை உயர்த்துவதை உளவியலாளர் வாசுதேவி ரெட்டி 2000-இல் எழுதினார். அதற்குமேல் கூச்சம் வளரும் விதம் ஊருக்கு ஊர் மாறும். நம் பிள்ளை திண்ணைத் தூணைக் கட்டிக்கொள்ளும், முந்தானைக்குள் முகம் புதைக்கும், கால் கட்டைவிரலால் தரையைக் கீறும். பெரியவர் முன் கண் தாழ்த்துவது இங்கே மரியாதை. கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கும் நாடுகளில் அது தயக்கமாகப் படும். ஜப்பானியர் வேற்றாள் கூச்சத்துக்கென்றே 'ஹிதோமிஷிரி' என்ற தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஒரே ஊரிலும் காலம் மாற்றிவிடும்: ஷாங்காயில் 1990-இல் கூச்சமுள்ள பிள்ளைகளைச் சக மாணவர்கள் ஏற்றார்கள், 2002-இல் ஒதுக்கினார்கள் என்று உளவியலாளர் சின்யின் சென் குழுவின் ஆய்வு காட்டியது.

கூசி நிற்கும் பிள்ளையிடம் "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டால் வந்த சொல்லும் உள்ளே போய்விடும். எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்காருங்கள். பெயர் கேட்க வேண்டாம். கையிலிருக்கும் பொம்மையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். பிறகு, விரல் நீட்டியே பதில் சொல்லக்கூடிய 'இதுவா, அதுவா' கேள்வி. சில பிள்ளைகள் இயல்பிலேயே எளிதில் கூசுபவர்கள்தாம்; ஆனாலும் 'கூச்ச சுபாவம்' என்று அவர்கள் காதுபடச் சொல்லாதீர்கள், அப்படியே ஒட்டிக்கொள்ளும். வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை, பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் போனபின்னும் ஒரு மாதத்துக்கு மேல் அங்கே வாயே திறக்கவில்லை என்றால், கூச்சம் என்று விட்டுவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.