பழைய ஜீப்பில் ஏ.சி.: பைப்புக்கும் அளவு உண்டு

தமிழக-கேரள எல்லையில் வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். இன்ஜின் மாற்றிய பழைய ஜீப்புக்கு ஏ.சி. கேட்பது அங்கே ஆடம்பரம் இல்லை. கேஸை அழுத்தும் கம்ப்ரஸர் ஒரு காரிலிருந்து வரும், அதைத் திரவமாக்கும் கண்டென்சர் இன்னொன்றிலிருந்து, உள்ளே குளிர் தரும் கூலிங் காயில் வேறொன்றிலிருந்து. மூன்றையும் இணைக்கும் பைப்பை மட்டும் வண்டியிலேயே அளந்து செய்தாக வேண்டும். "எல்லாம் பெரிய பைப்பாவே போட்ருங்க, கூலிங் நல்லா வருமுங்க" என்பார் வண்டிக்காரர். அப்படிச் செய்யக் கூடாது.

இவற்றை இணைக்கும் மூன்று லைனிலும் ஒரு நிமிடத்தில் ஓடும் கேஸின் எடை ஒன்றுதான். அது அடைக்கும் இடம்தான் வேறு. கூலிங் காயிலில் 0 டிகிரியையொட்டி ஆவியாகும் ஆர்-134ஏ என்ற ஏ.சி. கேஸ், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 14 கிலோதான் இருக்கும். அதுவே கண்டென்சரில் 50 டிகிரியில் திரவமானால் சுமார் 1,100 கிலோ. அதனால் கண்டென்சரிலிருந்து கூலிங் காயிலுக்குப் போகும் லிக்விட் லைனுக்கு 8 மி.மீ. உள்விட்டம் போதும். அழுத்தப்பட்ட சூடான ஆவி போகும் டிஸ்சார்ஜுக்கு 10 மி.மீ., கம்ப்ரஸருக்குத் திரும்பும் சக்‌ஷனுக்கு 13 அல்லது 16 மி.மீ. போடுவார்கள். சக்‌ஷன் மெலிந்தால் கூலிங் குறையும். அளவுக்கு மீறிப் பெருத்தால் ஆவியின் வேகம் தளரும். கம்ப்ரஸருக்கான ஆயில் அந்த ஆவியோடுதான் திரும்பி வருகிறது. வேகம் இல்லையென்றால் ஆயில் வழியிலேயே தங்கிவிடும், கம்ப்ரஸர் வறண்டு தேயும்.

கம்ப்ரஸர் இன்ஜினோடு சேர்ந்து ஆடும், கண்டென்சரோ பாடியில் நிற்கும். அதனால் நடுவில் ரப்பர் ஹோஸ் வேண்டும். அதுவும் உள்ளே நைலான் அடுக்குள்ள ஹோஸாக இருக்க வேண்டும். வெறும் ரப்பரில் கேஸ் மெல்லக் கசியும். கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் ஹை சைடில் வெயில் நேரத்தில் அழுத்தம் 200 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும் என்பதால் சாதாரண கிளிப் போட்டு இறுக்கக் கூடாது, கிரிம்பிங்தான், அதாவது முனையின் உலோக உறையை மெஷினில் ஹோஸோடு சேர்த்து நசுக்குவது. கிரிம்ப் செய்தபின் முனை திரும்பாது. ஆகவே ஹோஸை முதலில் வண்டியில் மாட்டிப் பார்த்து, வளைவு முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கு நேராக ஹோஸிலும் முனையிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கழற்றி, கோட்டோடு கோடு சேர்த்து அழுத்த வேண்டும். கோடு விலகினால் ஹோஸ் முறுக்கியே உட்காரும், சைலன்சர் பைப்பில் உரசவும் செய்யும்.

லீக் பார்க்க நைட்ரஜன் போதும். கேஸையே ஏற்றி ஏற்றி வெளியே விடுவதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது.

கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். திறந்ததுமே காற்றின் ஈரத்தை இழுக்கும். பிறகு வேக்கம், அதாவது பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுப்பது. 40 டிகிரியில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் 55 மி.மீ. பாதரசத்துக்கு இறங்கினால் போதும், ஆகவே வெயிலில் நிற்கும் வண்டியில் ஈரம் சீக்கிரம் வெளியேறும். கேஸ் அளவுக்குப் பழைய காரின் ஸ்டிக்கர் உதவாது. முக்கியமாக லிக்விட் லைன் நீண்டிருந்தால் கேஸ் கூடுதலாகத் தேவைப்படும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இரண்டு பிரஷர் கேஜையும் வென்டில் வரும் காற்றின் குளிரையும் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.