30 வயசானா பி.எச்.சி.லயே மார்பகப் பரிசோதனை ஃப்ரீ, அதுக்குக் கீழ உள்ள பொண்ணுங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர், பிபி பாக்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதே இடத்துல 30 வயசு ஆன பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கர்ப்பப்பை வாய் பரிசோதனையும் காசே வாங்காம செய்றாங்கன்னு நிறைய வீடுகள்ல தெரியாது, தெரிஞ்சவங்களும் கூச்சத்துல "அப்புறம் பாக்கலாம்"னு தள்ளிப் போட்டுடுறாங்க. தமிழ்நாட்டுல 2012லயே தொற்றா நோய் திட்டத்துல இத சேத்துட்டாங்க. 2016ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்லயும் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்னு மூணு புற்றுநோய்க்கும் 30 வயசுலேர்ந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கணும்னு இருக்கு. அதனால இத யார்கிட்டயும் கெஞ்சிக் கேக்க வேண்டியதில்ல, நமக்கு உள்ள உரிமை.

போனா என்ன செய்வாங்கன்னு தெரியாததுதான் பாதி பயம். ஸ்டாஃப் நர்ஸோ டாக்டரோ மறைப்புக்குள்ள வச்சு ரெண்டு மார்பையும் அக்குளையும் கையால தடவிப் பாப்பாங்க, மெஷின் கிடையாது, ஊசி கிடையாது, கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும். பெண் ஊழியர்தான் பாக்கணும்னு தாராளமா கேக்கலாம். கையால பாத்து என்ன தெரிஞ்சிடப் போவுதுன்னு சிலர் சொல்வாங்க, மும்பைல டாடா மெமோரியல் மருத்துவமனை 1998லேர்ந்து ஒன்றரை லட்சம் பெண்கள வச்சு 20 வருஷம் ஆய்வு பண்ணி 2021ல ரிசல்ட் வெளியிட்டாங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இப்படிக் கையால பாத்ததுலயே நோய் முன்கூட்டியே பிடிபட்டுச்சு, 50 வயசு தாண்டினவங்கள்ல சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சிருக்கு. பயிற்சி எடுத்த கை அவ்வளவு பெரிய விஷயம்.

சந்தேகமா ஏதாவது பட்டா ஜி.எச்.சுக்கோ மெடிக்கல் காலேஜுக்கோ எழுதிக் குடுப்பாங்க, அங்க ஸ்கேன், மேமோகிராம்னு சொல்ற மார்பக எக்ஸ்ரே, தேவைப்பட்டா கட்டில ஊசி குத்தி கொஞ்சம் எடுத்துப் பாக்குற டெஸ்ட். "ஊசி குத்தினா பரவிடும்"னு சொல்றத தயவுசெஞ்சு நம்பாதீங்க, அந்த ஒரு பேச்சாலயே டெஸ்ட் எடுக்காம மாசக்கணக்குல வீட்ல உக்காந்துடுறாங்க, அதுக்குள்ள கட்டி வளந்துடுது.

இப்ப காலேஜ் படிக்கிற, புதுசா வேலைக்குப் போற பொண்ணுங்க விஷயத்துக்கு வருவோம். 30க்குக் கீழ உள்ளவங்கள இந்தத் திட்டத்துல கூப்பிட மாட்டாங்க. அந்த வயசுல இந்த நோய் அபூர்வம், வர்ற கட்டில பெரும்பாலானது ஃபைப்ரோஅடினோமாங்குற சாதாரண கட்டி, அது புற்றுநோய் இல்ல. இள வயசுல மார்புத் திசு அடர்த்தியா இருக்குறதால மேமோகிராம்லயும் தெளிவா தெரியாது, அதான் முதல்ல அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதுவாங்க. ஆனா அறிகுறி இருந்தா வயசுக் கணக்கே இல்ல, 19 வயசுலயும் ஓ.பி. சீட்டு போட்டு டாக்டர்கிட்ட காட்டலாம். "சின்னப் பொண்ணு, உனக்கெல்லாம் வராது"ன்னு யாராவது பாக்காமலே அனுப்பினா வேற டாக்டர்கிட்ட போங்க.

நம்ம மார்பு வழக்கமா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும், அப்பதான் மாற்றம் புரியும். பீரியட்ஸ் முடிஞ்சு சில நாள் கழிச்சுப் பாருங்க, பீரியட்ஸுக்கு முன்னாடி வீக்கமும் வலியும் வழக்கமாவே இருக்குறதால குழம்பிடுவீங்க. கட்டி, காம்பு புதுசா உள்ள இழுத்துக்கிறது, காம்புல ரத்தம் கசியறது, தோல் குழி விழறது இல்ல ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகுறது, அக்குள்ல நெறி கட்டுறது, இதுல எது இருந்தாலும் உடனே காட்டணும். புற்றுநோய் கட்டி பெரும்பாலும் வலிக்காது, வலியே இல்லையேன்னு விட்டுடறதுதான் ரொம்ப ஆபத்து.

அம்மாவுக்கோ அக்காவுக்கோ சின்ன வயசுல மார்பகப் புற்றுநோய் வந்திருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அப்பா வழி அத்தைக்கு வந்திருந்தாலும் கணக்குதான், ஏன்னா இந்த நோய் வர்ற வாய்ப்ப கூட்டுற பிஆர்சிஏ மரபணு மாற்றம் அப்பா வழியாவும் வரும். இப்படிக் குடும்பத்துல வந்திருக்குற பொண்ணுங்க 30 வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல.

இன்னொரு குழப்பம், எச்பிவி தடுப்பூசி. அது கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு, கண்டிப்பா போட வேண்டியதுதான், ஆனா மார்பகத்துக்கு அப்படி ஒரு ஊசி கிடையாது. முழுசா தடுக்க வழியும் இல்ல, எடைய கட்டுக்குள்ள வைக்கிறது, தினம் உடம்ப அசைச்சு ஏதாவது செய்றது, மது தொடாம இருக்குறது, குழந்தை பொறந்தா தாய்ப்பால் குடுக்குறது, இதெல்லாம் ஆபத்த குறைக்கும். பிரா போட்டா வரும், இறுக்கமா போட்டா வரும்னு சொல்றதுக்கு ஆதாரமே இல்ல.

படிக்கிற பொண்ணுங்ககிட்ட என் வேண்டுகோள், அடுத்த லீவுல அம்மாவையும் சித்தியையும் பி.எச்.சி.க்கு கூட்டிட்டுப் போங்க. "எனக்கு ஒண்ணுமில்லடி"ன்னுதான் சொல்வாங்க, விடாதீங்க. பிபி பாக்க வீட்டுக்கு வர்ற மக்களைத் தேடி மருத்துவம் அக்காகிட்ட எந்த நாள் வரலாம்னு கேட்டா சொல்வாங்க.

நோயே வந்துட்டாலும் செலவுக்குப் பயந்து ஒளிய வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை உண்டு, புற்றுநோய் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் அதுல வரும், அரசு மருத்துவமனையிலயும் திட்டத்துல சேந்த தனியார் மருத்துவமனையிலயும் செல்லும். அட்டை இல்லன்னா ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துக்குப் போகணும், நோய் வந்தப்புறம் அலையாம இப்பவே எடுத்து வச்சிடுங்க. காப்பீட்டு சந்தேகத்துக்கு 1800 425 3993, உடம்பு சம்பந்தமா என்ன கேக்கணும்னாலும் 104.