பழைய பத்திரத்தில் முதலில் தேதியைப் பிடியுங்கள்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளின் பரணில் இருந்து இறங்கும் பழைய பத்திரங்களை மேலிருந்து வரிவரியாகப் படிக்கத் தொடங்காதீர்கள். தேதியை முதலில் தேடுங்கள். அது தவறினால் பேரன் வாங்கிய மனை தாத்தா பேருக்குப் போய்விடும்.

'நந்தன ௵ தை ௴ ௰௨ ௳' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௰ பத்து, ௨ இரண்டு. ஆக, தை 12. நந்தன வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1892-93, பிறகு 1952-53. தை மாதம் என்பதால் 1893 அல்லது 1953. இங்கேதான் பலர் 1892 என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டில் எது என்பதைப் பசலி, அதாவது நிலவரிக் கணக்கு ஆண்டு, சொல்லும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஜூலையின் ஆண்டு கிடைக்கும்; பசலி 1302 என்றால் 1892 ஜூலை முதல் 1893 ஜூன் வரை. பசலி எழுதவில்லையா, முத்திரைத்தாளைப் பாருங்கள். விக்டோரியா மகாராணியின் தலை இருந்தால் 1953-க்கு இடமே இல்லை.

தாளின் தலைப்பில் தனியாக நிற்கும் 'உ' பிள்ளையார் சுழி. அதை 2 என்று எண்ணிவிட வேண்டாம். தொகையில் '௹ ௨௱௫௰' என்றால் 250 ரூபாய். பெயருக்கு முன் வரும் 'ம-ள-ள-ஸ்ரீ' மகாராஜராஜஸ்ரீ என்ற மரியாதைச் சொல். இதை இனிஷியலாக எடுத்துக்கொண்டு இல்லாத தகப்பனாரைத் தேடி அலைய வேண்டாம்.

வம்சாவளியை அதிகம் குழப்புவது ௸, அதாவது மேற்படி. '௸யார் பாரியாள்' என்றால் யாருடைய மனைவி? கடைசியாக வந்த பெயர் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், பக்கத்து மனைக்காரர் எல்லோரும் ஒரே பத்தியில் வருவார்கள். நகலெடுத்த தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பென்சிலால் எண் போட்டு, ஒவ்வொரு ௸-க்கும் எந்த எண் பொருந்துகிறது என்று கீழே உள்ள கையொப்பம், சாட்சி வரிகளோடு ஒப்பிடுங்கள்.

வேக எழுத்தில் புள்ளி இராது; ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுபோல் இருக்கும்; காலும் ரகரமும் கலந்துவிடும். 'கெசவ' என்று தெரிந்தால் 'கேசவ' என்றும் வைத்துத் தேடுங்கள். ணை, லை, னை எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருக்கும். பரப்பளவில் சந்தேகம் வந்தால் சென்னைக் கணக்கு உதவும்: 24 மனை ஒரு காணி, மனை 2400 சதுர அடி.

மங்கிய எழுத்தின்மேல் தயவுசெய்து பேனா ஓட்டாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படம் எடுங்கள். படிய மறுக்கும் எழுத்துக்குக் கேள்விக்குறி போட்டு அப்படியே விடுங்கள். அதே எழுத்தர் எழுதிய இன்னொரு பத்திரம் கிடைத்தால் அதில் தெளிவாக விழுந்திருக்கும்.