பரோலோ கலர் வெளுத்திருக்குன்னு திருப்பி அனுப்பாதீங்க

போன மாசம் ஒரு டேபிள்ல பரோலோங்கற சிவப்பு ஒயினை ஊத்துனேன், அந்த சார் கிளாஸைத் தூக்கி லைட்டுல காட்டிப் பாத்துட்டு "என்ன தம்பி, தண்ணி கலந்த மாதிரி இருக்கு, ஓரத்துல வேற செங்கல் கலரு, கெட்டுப்போச்சா"ன்னாரு. ஒயின் சர்வீஸ்ல இருக்கற எனக்கு இது பழகுன கேள்விதான். பரோலோ அப்படித்தான் இருக்கும். இத்தாலியில பியமோன்ட்டே பக்கம் லாங்கே குன்றுகள்ல விளையற நெபியோலோங்கற ஒரே திராட்சையில மட்டும்தான் இதைச் செய்யலாம், அதோட தோல்ல நிறம் கம்மி, துவர்ப்பு பயங்கரம். பாக்கத்தான் சாது, ஒரு வாய் குடிச்சா பச்சை வாழைக்காயைக் கடிச்ச மாதிரி ஈறெல்லாம் பிடிச்சு இழுக்கும். மணம் மட்டும் ரோஜாவும் தாரும் கலந்தாப்ல, நம்பமாட்டீங்க.

அந்தத் துவர்ப்பு அடங்க நாளாகும், அதனால சட்டமே போட்டு வச்சிருக்காங்க. அறுவடை வருஷம் நவம்பர் 1ல இருந்து 38 மாசம், அதுல 18 மாசமாவது மரப்பீப்பாயில இருக்கணும். அதாவது 2020 அறுவடை 2024 ஜனவரிக்கு முன்னாடி கடைக்கு வரக்கூடாது. லேபிள்ல ரிசெர்வான்னு, அதாவது இன்னும் அதிக நாள் வச்சதுன்னு போட்டிருந்தா 62 மாசம். ரிசெர்வான்னா கூடுதல் நாள் மரத்துலதான் இருந்திருக்கும்னு சொல்லி விக்கறவங்க இருக்காங்க, அதுக்கும் மரத்துல கட்டாயம் அதே 18தான், மிச்சத்தை எங்க வைக்கறதுங்கறது செய்யறவர் இஷ்டம். பெரிய பழைய பீப்பாயா, 225 லிட்டர் புது சின்னப் பீப்பாயான்னு 1980, 90கள்ல அங்க பெரிய சண்டையே நடந்துச்சு. எனக்குப் பெரிய பீப்பாய்தான், சின்னதுல வெனிலா வாசம் ஏறி ரோஜாவை அமுக்கிடும்.

ஒண்ணு கவனிங்க, 38 மாசம்ங்கறது விக்கறதுக்கான கணக்கு, குடிக்கறதுக்கான கணக்கு இல்ல. நல்ல வருஷத்துப் பாட்டில் பத்து வருஷம் தாண்டித்தான் இளகும். இளசா திறந்தா டிகாண்டர்ல, அதாவது காத்து படற மாதிரி அகலமான கண்ணாடிக் குடுவையில ஊத்தி ரெண்டு மணி நேரம் விடுங்க, கூட கொழுப்புள்ள கறி வேணும், வெறும் வயித்துல வேணாம், ஆல்கஹால் 13 சதவீதத்துக்குக் கம்மியா இருக்கவே இருக்காது. பழசுன்னா முந்தின நாளே நிக்க வச்சிருங்க, அடியில படிஞ்ச மண்டி கலங்காம மெதுவா ஊத்தணும். சேத்து வைக்கறதுன்னா இருட்டுல, குளிர்ச்சியா, படுக்க வச்சு. ஹால் ஷோகேஸ்ல ட்யூப்லைட்டுக்குக் கீழ வருஷக்கணக்கா நிக்கறது அழகுக்குத்தான், உள்ள இருக்கறது போயிருக்கும்.

அந்த சார்கிட்ட இதான் சொன்னேன், கலரை விடுங்க, மோந்து பாருங்க, நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வந்தா கார்க் கெட்டிருக்கு, பேசாம திருப்பிக் குடுங்க, வேற பாட்டில் திறந்து தரோம்.