டெங்கு கிளைம்: காய்ச்சல் விட்ட பிறகும் படுத்திருந்த நாட்களுக்குப் பணம் வருமா?

"மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டதே, அப்புறம் ஏன் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள்?" கிளைம் போட்டவரிடம் இன்சூரன்ஸ் தரப்பு இப்படிக் கேட்டுப் பணத்தை வெட்டுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். தனியார் ஆஸ்பத்திரி பில்லும் கையில் பாலிசியும் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் நோயாளியை வீட்டுக்கு அனுப்ப முடியாது. விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஏறிக்கொண்டே போகும் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஆகியவை இருந்தால் நாட்கள் நீளும். சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, முதியவர், கைக்குழந்தை என்றால் இன்னும் கவனமாக வைத்திருப்பார்கள். பிளேட்லெட் இதில் ஒரு பங்குதான்.

ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதுகிறார்கள்? பிளேட்லெட் எண்ணிக்கை, டிரிப்ஸ், "நோயாளி நலம்". அவ்வளவுதான். கிளைம் மேசையில் இருப்பவர் படிப்பது அந்தத் தாளைத்தான். அதனால் ஒவ்வொரு நாளும் ஏன் வைத்திருந்தார்கள் என்ற காரணம் கேஸ் ஷீட்டிலும் சம்மரியிலும் இருக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் முன்பே சம்மரியை வாங்கிப் படியுங்கள். வாந்தி, வயிற்றுவலியை எழுதாமல் விட்டிருந்தால் டூட்டி டாக்டரிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். நடந்ததை மட்டும், நடக்காததைச் சேர்த்தால் கிளைம் மொத்தமாகப் போகும்.

"கண்காணிப்புக்காக அனுமதி" என்ற வரி மட்டும் தனியாக நிற்கக் கூடாது. பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தால் பணம் இல்லை என்ற விலக்கு ஏறக்குறைய எல்லா பாலிசியிலும் உண்டு. அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

காலையில் போய் டிரிப்ஸ் ஏற்றி, சாயங்காலம் வீடு, மறுநாள் மறுபடி டிரிப்ஸ். சின்ன ஊர்களில் இதுதான் வழக்கம். வழக்கமான பாலிசியில் இதற்குப் பணம் வராது. உள்நோயாளியாகத் தொடர்ந்து 24 மணி நேரம் இருந்திருக்க வேண்டும். அட்மிஷன் நேரம் தாளில் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

புது பாலிசியா? முதல் 30 நாளில் வரும் நோய்க்குப் பணம் கிடையாது, விபத்துக்கு மட்டும் உண்டு. கொசு கடிப்பதும் விபத்துதானே என்று கேட்கத் தோன்றும். மலேரியா வழக்கு ஒன்றில் அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2019இல் ஏற்கவில்லை.

அடுத்தது ரூம் வாடகை. 3,000 ரூபாய் வரம்புள்ளவர் 6,000 ரூபாய் அறை எடுத்தால் வாடகையோடு நிற்காது. டாக்டர் ஃபீஸ், நர்ஸிங் கட்டணமும் அதே விகிதத்தில் பாதியாகலாம். மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஐ.சி.யு. கட்டணத்துக்கும் அப்படி வெட்டக் கூடாது. வெட்டியிருந்தால் கேளுங்கள்.

கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டும் முறை) அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரம் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் கெடு வைத்தது. அதைத் தாண்டியதால் ஏறும் கூடுதல் செலவு கம்பெனியுடையது. நடைமுறையில் ஆஸ்பத்திரி கவுன்டர் "டி.பி.ஏ.வைக் (கம்பெனிக்காகக் கிளைமைக் கையாளும் இடைநிறுவனம்) கேளுங்கள்" என்னும், டி.பி.ஏ. "ஆஸ்பத்திரி இன்னும் பேப்பர் அனுப்பவில்லை" என்னும். நோயாளியின் மகன் இரண்டுக்கும் நடுவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டை மறப்பான். பேப்பர் கேட்டுப் பெறுவது கம்பெனியின் வேலை, உங்களுடையது அல்ல. அதை வாயால் சொல்லாமல் மெயிலில் எழுதுங்கள், நேரத்தோடு.

நிராகரித்தால் பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது செல்லாது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான பீமா பரோசாவிலோ 155255 எண்ணிலோ பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி கைவிரித்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். "மறுபரிசீலனையில் இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஒரு வருடத்தைக் கரைத்துவிடுவார்கள், தேதியைக் குறித்து வையுங்கள்.