செட்டப் கேட்காதீர்கள் தம்பிகளே, பத்து லேப் ஓட்டிக் காட்டுங்கள்

போன சனிக்கிழமை செட்டப் கேட்டு வந்த தம்பியோடு சேர்த்தால் இந்த மாதம் இது ஐந்தாவது ஆள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பென் டிரைவில் 43 செட்டப் ஃபைல்கள் (கம்ப்யூட்டர் ரேஸ் கேமில் காரின் டயர், பிரேக், விங் எல்லாவற்றையும் எப்படி வைப்பது என்ற எண்கள்), எல்லாம் மாதாமாதம் காசு கட்டி வாங்கியவை. “மோன்சாவுக்கு மட்டும் ஆறு வச்சிருக்கேன் அண்ணா. எதைப் போட்டாலும் 1:52-தான் வருது. உங்ககிட்ட நல்லதா ஒண்ணு இருந்தா குடுங்க” என்றான். மோன்சா இத்தாலியில் இருக்கும் ரேஸ் டிராக். 1:52 என்பது அங்கே ஒரு லேப், அதாவது ஒரு சுற்று, ஓட்ட ஆகும் நேரம்.

இருந்தது. கொடுக்கவில்லை.

நான் சிம் ரேசிங், அதாவது கம்ப்யூட்டரில் நிஜம் போலவே கார் ரேஸ் ஓட்டுவது, கற்றுக்கொடுப்பவன். அதற்கு முன் சில வருடங்கள் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், கார்களைத் தயார் செய்யும் பிட்டில் நின்று டயருக்குக் காற்றுப் பிடித்தவன். அங்கேயும் இதே கேள்விதான்: முன்னால் போகிறவன் என்ன செட்டப் வைத்திருக்கிறான்? அவன் எங்கே பிரேக் பிடிக்கிறான் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இங்கே நான் பேசுவது அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே என்ற கேம் பற்றி, அதிலும் ஜிடி3 என்ற ரேஸ் வகைக் கார்கள். வேறு கேமில் எண்கள் மாறும், வேலை மாறாது.

தம்பியை ரிக்கில் (ஸ்டியரிங், பெடல், சீட் வைத்த ஓட்டும் மேடை) உட்கார வைத்து, அவனுக்குப் பிடித்த ஃபைலையே போட்டு ஓட்டச் சொன்னேன். மூன்றாவது லேப்பில் முதல் சிகேனுக்கு (அடுத்தடுத்து வளையும் திருப்பம்) பிரேக் பிடிக்கும்போதே பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிட்டது. ஐந்தாவதில் திரும்பவும். “வண்டி சரியில்ல அண்ணா.” எங்கே சரியில்லை? “எல்லா இடத்துலயும்.”

இந்த ‘எல்லா இடத்துலயும்’ என்ற பதிலைக் கேட்டாலே எனக்குத் தலை சுற்றும். எல்லா இடத்திலும் தப்பாக இருக்கிற கார் ஒன்றைக்கூட இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

சரி, அந்த ஃபைலைத் திறந்து பார்த்தோம். அதைச் செய்தவர் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் அதைச் செய்தது 22 டிகிரி காற்று வெப்பத்துக்கு. தம்பி ஓட்டுகிற சர்வரில் 30. ஒரு டிகிரி ஏறினால் டயர் பிரஷர், அதாவது காற்றழுத்தம், ஏறக்குறைய 0.1 பிஎஸ்ஐ ஏறும். அதனால் அவருக்கு 26.6-இல் நின்ற டயர் இவனுக்கு 27.4-க்குப் போய்விடுகிறது. இவன் வழுக்கி வழுக்கி ஓட்டுவதில் சேரும் சூடு தனி. ஓடிச் சூடான டயர் 26-க்கும் 27-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பென் டிரைவில் இருந்த சில ஃபைல்கள் அதைவிட மோசம். 2023-இல் கேமுக்கு 1.9 அப்டேட் வந்தபோது அதன் டயரே மாறிவிட்டது. அதற்கு முன் நாங்கள் 27.5-ஐ ஒட்டி வைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்து ஃபைலையும் இன்னும் யாரோ விற்கிறார், தம்பியும் வாங்கியிருக்கிறான்.

அடுத்து பெட்ரோல். அவர் அந்த செட்டப்பைச் செய்தது ஒரே ஒரு வேகமான லேப்புக்காக, டாங்கில் பத்து லிட்டர். தம்பி அரை மணி ரேஸுக்கு 50 லிட்டருக்கு மேல் ஏற்றுகிறான். லிட்டருக்கு முக்கால் கிலோ, அதாவது கூடுதலாக 30 கிலோ. கார் அமுங்கும், உயரம் மாறும், பிரேக் பிடிக்கும் தூரம் மாறும். ஃபைலின் பெயரில் ‘ரேஸ்’ என்று எழுதியிருந்ததாம், அதனால் நம்பினானாம்.

இதெல்லாம் திருத்தக்கூடிய விஷயம். திருத்த முடியாதது அவருடைய கால். வேகமாக ஓட்டுகிறவர் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்புவார். கடைசி வரை பெடலில் கால் லேசாக இருக்கும். கார் சீக்கிரம் திரும்பட்டும் என்று பிரேக் பயஸை (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் பிரியும் விகிதம்) பின்னால் தள்ளி, பின்பக்க உயரத்தையும் கூட்டி, காரை வேண்டுமென்றே துருதுருவென்று வைத்திருப்பார். அவர் கால் அதைச் சமாளிக்கும். நம் தம்பி பிரேக்கை ஓங்கி மிதித்து, திருப்பத்தின் நடுவில் சட்டென்று காலை எடுக்கிறான். பின்பக்கம் சுற்றாமல் என்ன செய்யும்? பக்கத்து வீட்டுக்காரர் சட்டையை அளவுக்குக் கொடுத்துவிட்டு, “எனக்குத் தோள் பிடிக்குதே” என்று தையல்காரரிடம் சண்டைக்குப் போவது போலத்தான் இது. சட்டையில் ஒரு குறையும் இல்லை.

சந்தேகப்பட்டான். அதே ரிக்கில், அதே காரில், கேமிலேயே இருக்கும் ‘சேஃப்’ என்ற ரெடிமேட் செட்டப்பை (பிரீசெட்) போட்டு, டயர் பிரஷரை மட்டும் சரிசெய்துவிட்டு நான் ஓட்டினேன். நான்காவது லேப் 1:49.6. நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை, என்னைவிட இரண்டு நொடி வேகமாக ஓட்டுகிறவர்கள் ஆன்லைனில் எத்தனையோ பேர். ஆனால் தம்பிக்கும் எனக்கும் நடுவில் இருந்த அந்த இரண்டரை நொடி செட்டப்பில் இல்லை என்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

அப்புறம் அவனையும் சேஃப் பிரீசெட்டில் பத்து லேப் ஓட்டச் சொன்னேன். 1:53.4, 1:51.2, 1:54, 1:52.1 என்று போனது. ஒரு லேப்புக்கும் இன்னொன்றுக்கும் மூன்று நொடி வரை வித்தியாசம் இருக்கும்போது, திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி-ரோல் பாரை ஒரு க்ளிக் மாற்றியதால் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? பத்தில் ஏழு லேப்பாவது அரை நொடிக்குள் வராதவரை செட்டப் பக்கத்தைத் திறக்காதீர்கள். டயர் பிரஷரை மட்டும் விதிவிலக்காக விடுகிறேன். அதையும் ஐந்தாறு லேப் ஓடி, டயர் சூடான பிறகு பாருங்கள். பிட்டிலிருந்து கிளம்பும்போது தெரியும் எண்ணை வைத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

ஆன்ட்டி-ரோல் பார் என்றால் என்ன, கேம்பர் என்றால் என்ன என்று இங்கே பாடம் நடத்தப்போவதில்லை, தேடினால் கிடைக்கும். எதை எப்போது தொடுவது என்பதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். கார் தொல்லை கொடுப்பது திருப்பத்துக்குள் நுழையும்போதா, நடுவிலா, வெளியே வரும்போதா? மெதுவான திருப்பத்திலா, வேகமானதிலா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தம்பிக்குத் தொல்லை முதல் சிகேனில், பிரேக்கில். பிரேக் பயஸை ஒரு சதவீதம் முன்னால் நகர்த்தினோம், வேறெதையும் தொடவில்லை. சுற்றுவது நின்றது. மோன்சாவின் அஸ்காரி திருப்பம் மாதிரி வேகமான இடத்தில் பின்பக்கம் ஆடியிருந்தால் காரைக் காற்றால் கீழே அழுத்தும் பின் விங்கையும் உயரத்தையும் பார்த்திருப்போம். லெஸ்மோ திருப்பத்தின் நடுவில் முன்பக்கம் திரும்ப மறுத்திருந்தால் முன் பாரை ஒரு க்ளிக் தளர்த்தியிருப்போம்.

விங் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மோன்சா என்றாலே விங்கைக் கடைசி வரை இறக்கிவிடுகிறார்கள். நேர்ப்பாதையில் நாலைந்து கிலோமீட்டர் வேகம் கூடுவது திரையில் தெரிகிறது, சந்தோஷம். ஆனால் அதற்கு முந்தைய கடைசித் திருப்பமான பரபோலிக்காவில் பயந்து பயந்து ஆக்சிலரேட்டரைத் தொடுவதால் அந்த நேர்ப்பாதைக்கே மெதுவாக வந்து சேர்கிறார்கள். அது கண்ணில் படுவதில்லை. இரண்டு க்ளிக் ஏற்றி வைத்து ஓட்டிப் பாருங்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.

சஸ்பென்ஷன் ஆட்டத்தை அடக்கும் டேம்பர் பக்கத்தை ஆறு மாதத்துக்குத் திறக்க வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். மூன்று மாற்றி வேகம் கூடினால் மூன்றில் எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 20 ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எதை மாற்றினோம், எந்தத் திருப்பத்தில் என்ன ஆனது என்று எழுதுங்கள். போனில் எழுதுகிறேன் என்கிறவர்கள் எழுதுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய ஃபைல்களை அழிக்க வேண்டாம், உங்கள் செட்டப்பின் பக்கத்தில் திறந்து வைத்து, அவர் ஏன் இந்த எண்ணை வைத்தார் என்று யோசியுங்கள். அதற்கு அவை நல்ல பாடப்புத்தகம். அப்படியே ஏற்றி ரேஸுக்குப் போனால் மறுபடி சுற்றுவீர்கள்.

தம்பி ஞாயிறு இரவு ஒரு படம் அனுப்பியிருந்தான். கோடு போட்ட நோட்டில் நீல மையில்: “ரெண்டாவது லெஸ்மோ, வெளிய வரும்போது மூக்கு வெளிய போகுது. பின் பார் ஒரு க்ளிக் ஏத்தினேன். மூக்கு சரியாச்சு, ஆனா ஆக்சிலரேட்டர் குடுத்தா பின்பக்கம் ஆடுது. திரும்ப இறக்கிட்டேன். நான்தான் சீக்கிரம் மிதிக்கிறேனோ?”